ஒடிசலான: உடல்வாகைச் சொல்லும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எழுதப் பழகுவது

புதிதாகக் கதை எழுத வருகிறவர்கள், மொழிபெயர்க்க வருகிறவர்கள் ஆகியோரின் பிரதியைத் திருத்தும்போது என் பேனா அதிகம் நிற்கும் இடம் ஒன்று உண்டு. ஓர் ஆள் முதன்முதலாக அறிமுகமாகும் வரி அது. "ஒல்லியான உருவம் கொண்ட அவன்" என்று ஒருவன் வருவான். அடுத்த பக்கத்தில் "குண்டான உருவம் கொண்ட" இன்னொருவன் வருவான். மூன்றாமவனும் ஒல்லியாகவே வந்து நிற்பான். மூன்று பேரில் யார் யார் என்று பத்தாம் பக்கத்தில் கேட்டால் எழுதியவருக்கே தெரியாது.

தமிழில் உடல்வாகைச் சொல்லச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. எது எங்கே உட்காரும் என்று பழகாததுதான் சிக்கல். ஒரேயடியாக ஐம்பது சொற்களின் பட்டியலைக் கொடுத்தால் யாருக்கும் ஒட்டாது. அதனால் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன்: ஒடிசலான. இதை உருட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதன் அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் சொற்களிடம் போகலாம்.

முதலில் சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

விரி என்பதிலிருந்து விரிசல், நெரி என்பதிலிருந்து நெரிசல். அதே வார்ப்பில் வந்தது ஒடி, ஒடிசல். காய்ந்த சுள்ளியைக் கையில் எடுத்தால் இது ஒடிந்துவிடுமோ என்று தோன்றுமே, அந்த எண்ணம் இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. 'ஒல்லி'யில் அது இல்லை. ஒல்லி என்பது அளவை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். ஒடிசல் என்று சொல்லும்போது பார்ப்பவரின் கண்ணில் கொஞ்சம் கரிசனமோ கொஞ்சம் ரசனையோ சேர்ந்துவிடுகிறது.

ஒடிசலுக்கு நோய் என்று பொருள் இல்லை. இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. ஒடிசலான ஒருவர் மலையேறுவார், மூட்டை தூக்குவார், நாள் முழுக்க ஓய்வில்லாமல் நடப்பார். நோஞ்சானால் முடியாது. 'நோஞ்சான்', 'சோனி' இரண்டும் பலவீனத்தைச் சொல்கிற சொற்கள். 'எலும்பும் தோலுமாக' என்றால் பட்டினியோ நோயோ கதைக்குள் வந்துவிட்டது என்று பொருள். வெறும் உடல்வாகைச் சொல்ல நினைத்து இதை எழுதிவிட்டால், இந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று வாசகர் கடைசிவரை காத்திருப்பார்.

பிறவி வாகா, பிறகு வந்த மாற்றமா?

புதியவர்கள் தவறவிடும் முக்கியமான இடம் இதுதான். ஆகவே இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

ஒல்லியான, ஒடிசலான, குண்டான, உயரமான ஆகியவை பெயர்ச்சொல்லோடு 'ஆன' சேர்ந்து உருவானவை. ஆள் அப்படி இருக்கிறார், அவ்வளவுதான். இளைத்த, மெலிந்த, வற்றிய, பருத்த, தடித்த ஆகியவை வினையிலிருந்து வந்தவை. இளைத்தல் என்ற ஒரு காரியம் நடந்து முடிந்திருக்கிறது. 'ஒடிசலான மனிதர்' என்று படிக்கும்போது முன்பு எப்படி இருந்தார் என்ற கேள்வி எழாது. 'இளைத்த மனிதர்' என்றால் எழும். மெலிந்த, பருத்த போன்றவை எழுத்து வழக்கில் கொஞ்சம் இறுகிப்போய், வெறும் நிலையைச் சொல்லவும் பயன்படுகின்றன. ஆனாலும் பழைய வாசனை முழுதாகப் போய்விடவில்லை. எழுதுவதற்கு முன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த ஆளின் உடம்பில் ஏதாவது நடந்திருக்கிறதா? நடந்திருந்தால் வினையை எடுங்கள். இல்லையென்றால் 'ஆன' போதும்.

பேச்சில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஒரு பெண் நான்கு கிலோ குறைந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அம்மா பார்த்தால், "என்னடி, இப்படி இளைச்சுப் போயிட்டே?" தோழி பார்த்தால், "ஏய், செம ஸ்லிம்மாயிட்டே!" அதே நான்கு கிலோதான். 'போய்' என்ற துணைவினை ஏதோ இழந்துவிட்டதாகச் சொல்கிறது. 'ஸ்லிம்' என்ற கடன்சொல் ஏதோ சாதித்துவிட்டதாகச் சொல்கிறது. எதிர்த்திசையிலும் இப்படியே. நோயிலிருந்து எழுந்தவரைப் பார்த்து "நல்லா தேறிட்டீங்க" என்பார்கள். அதே எடை கூடிய வேறொருவரைப் பார்த்து "உடம்பு போட்டுடுச்சே" என்பார்கள். தமிழில் உடல்வாகுச் சொல் எதுவும் வெறும் அளவுநாடா கிடையாது. சொல்கிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதையும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

வாக்கியத்தில் பொருத்துவது

நல்ல செய்தி: நம் பெயரடைக்கு ஆண், பெண், ஒருமை, பன்மை எதுவும் கிடையாது. ஒடிசலான பையன், ஒடிசலான பெண்கள், ஒடிசலான குதிரை. சொல் மாறாது.

கவனிக்க வேண்டியவை மூன்று.

பெயருக்கு முன்னால் 'ஆன', வினைக்கு முன்னால் 'ஆக'. ஒடிசலான பெண், ஒடிசலாக இருந்தாள். தமிழைப் பிற்பாடு கற்றவர்கள் "அவள் ஒடிசலான இருந்தாள்" என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். தமிழிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் அந்தத் தவறைச் செய்ய மாட்டார்கள். அவர்கள் செய்வது அடுத்தது.

"ஒடிசலானப் பெண்" என்று நடுவில் ஒற்றைப் போடாதீர்கள். 'ஆன' பெயரெச்சம், அதன் பின் வல்லினம் மிகாது. ஒடிசலான பெண், ஒடிசலான தேகம், ஒடிசலான கைகள். ஆனால் 'ஆக'வுக்குப் பின் மிகும்: ஒடிசலாகத் தெரிந்தார், ஒடிசலாகப் போய்விட்டார். பத்திரிகைகளிலேயே இது தடுமாறுகிறது. நீங்களாவது தப்பிக்கலாம்.

மூன்றாவது, காலம். ஓர் ஆளின் தோற்றத்தை நினைவிலிருந்து சொல்லும்போது தமிழ் எதிர்கால வினையைக் கையாளும். "எங்கள் கணக்கு வாத்தியார் ஒடிசலாக இருப்பார்." இதில் எதிர்காலம் எதுவும் இல்லை. அவர் எப்போதும் அப்படித்தான் என்ற பொருள். "ஒடிசலாக இருக்கிறார்" என்றால் இப்போது கண்முன் நிற்கிறார். "ஒடிசலாக இருந்தார்" என்றால் அன்று பார்த்தபோது, அல்லது இப்போது அவர் அப்படி இல்லை, அல்லது அவரே இல்லை. மொழிபெயர்ப்பாளர்கள் மூலத்தில் இறந்தகாலம் இருக்கிறதென்று எல்லா இடத்திலும் 'இருந்தார்' போடுகிறார்கள். அதனால் உயிரோடிருக்கும் மாமாக்கள் பலர் காலமாகிவிடுகிறார்கள்.

எதோடு சேரும், எதோடு சேராது

ஒடிசலான தேகம், உடம்பு, உடல்வாகு, உருவம், ஆள் எல்லாம் சரி. கை, கால், இடை சரி. முகத்துக்கு என் காது ஒத்துக்கொள்ளவில்லை. 'ஒடுங்கிய முகம்' என்று எழுதுவேன். மூக்குக்குக் கூர்மை, எடுப்பு, சப்பை என்று தனிக்குடித்தனம் இருக்கிறது. கன்னமும் வயிறும் ஒட்டும். கண் குழிவிழும். தோள் திரளும். மார்பு பரந்திருக்கும், நெற்றி அகன்றிருக்கும். பரந்த நெற்றியும் உண்டு. ஆனால் 'திரண்ட நெற்றி' இல்லை. இவற்றுக்கெல்லாம் விதி கேட்காதீர்கள். பழக்கம்தான் விதி.

கைக்குழந்தைக்கு 'ஒடிசல்' வராது. குழந்தை கொழுகொழுவென்று இருக்கும், அல்லது 'சவலை' பாய்ந்திருக்கும். மிக முதியவர்களுக்கும் அது அவ்வளவாகப் பொருந்துவதில்லை. வற்றிய, ஒடுங்கிய, தளர்ந்த என்று காலம் தெரிகிற சொற்கள்தான் அங்கே கைகொடுக்கும்.

அக்கம்பக்கத்து வீடுகள்

ஒடிசலுக்கு நேர் எதிரே நிற்பது குண்டு என்று நினைப்போம். நடுவில் எத்தனையோ படிகள் உண்டு.

அவற்றில் எனக்கு மிகப் பிடித்தது 'பூசினாற்போல'. எலும்பு தெரியாத அளவுக்கு மெல்லிய சதைப்பற்று, அதற்கு மேல் ஒரு துளி கூடவோ குறையவோ இல்லை. சுவருக்குச் சாந்து பூசியதுபோல எலும்பின்மேல் சதை பூசியிருக்கிறது என்பது படிமம். பேச்சில் "பூசினாப்ல இருப்பா". நான் எழுத ஆரம்பித்த புதிதில் இதை முகத்தில் பவுடர் பூசியிருப்பதாகப் புரிந்துகொண்டு, "பூசினாற்போன்ற முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்" என்று எழுதி ஒரு மூத்த ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. இந்தச் சொல் பெரும்பாலும் பெண்களுக்கு, அதுவும் ஒப்புதலான பார்வையோடு வரும். எழுதும்போது 'ஆன' மாதிரியான உருபு தேவையில்லை: 'பூசினாற்போல இருந்தாள்', 'பூசினாற்போன்ற உடம்பு'.

'வாட்டசாட்டமான' என்பது வேறு வகை ஆபத்து. இது இணைமொழி, பிரிக்கக் கூடாது. பிரித்து 'வாட்டமான' என்று எழுதினால் பொருள் தலைகீழாகும். வாட்டமான முகம் என்றால் வாடிய முகம். வாட்டசாட்டமான ஆளுக்கு உயரமும் வேண்டும், அகலமும் வேண்டும். குள்ளமானவர் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் வாட்டசாட்டம் ஆக முடியாது. அவருக்குக் 'கட்டுமஸ்தான' பொருந்தும், ஏனென்றால் அந்தச் சொல்லில் உயரத்தின் பேச்சே இல்லை. தசையின் இறுக்கம்தான் விஷயம்.

'திடகாத்திரமான' என்பதில் காத்திரம் என்றாலே உடல்தான். எனவே 'திடகாத்திரமான உடல்' என்பது உடலை இரண்டு முறை சொல்கிறது. வழக்கு ஏற்றுக்கொண்டுவிட்டது. நான் மட்டும் 'திடகாத்திரமான ஆள்' என்று எழுதித் தப்பித்துக்கொள்வேன்.

'ஆஜானுபாகு' இன்னும் வேடிக்கையானது. ஜானு முழங்கால், பாகு கை. முழங்காலைத் தொடும் நீளக் கை உடையவன் என்பது நேர்ப்பொருள். பெருவீரனின் இலக்கணமாக வடமொழிக் காவியத்தில் இராமனுக்குச் சொல்லப்பட்டது. புறநானூற்றிலும் பாண்டியன் ஒருவனைத் 'தாள்தோய் தடக்கை' உடையவன் என்று பாடியிருக்கிறார்கள். இன்று யாரும் கையை அளப்பதில்லை. உயரமாக, பெரிய உடம்போடு, பார்த்தால் வழிவிடத் தோன்றுகிற ஆள் ஆஜானுபாகு. இப்படிப் பொருள் நகர்ந்துபோன சொல்லை எடுக்கும்போது இன்றைய பொருளில் எடுங்கள். 'ஆஜானுபாகுவான கைகள்' என்று எழுதினால் பழைய பொருளுக்கும் பொருந்தாது, புதிய பொருளுக்கும் பொருந்தாது.

ஊருக்கு ஊர் மாறும் சொற்களும் உண்டு. இலங்கைத் தமிழில் 'கட்டையான ஆள்' என்றால் உயரம் குறைந்தவர், 'மொத்தமான ஆள்' என்றால் பருமனானவர். தமிழ்நாட்டு வாசகருக்கு மொத்தம் என்றதும் கணக்குதான் நினைவுக்கு வரும். 'கட்டை' என்பதோ பெண்களைக் குறித்துச் சொல்லும் மட்டமான பேச்சுவழக்காகவும் தமிழ்நாட்டில் காதில் விழும். பாத்திரம் எந்த ஊர்க்காரர் என்று முடிவு செய்துவிட்டு அவர் வாயில் சொல்லை வையுங்கள்.

சொல்கிறவர் யார்?

ஒல்லிப்பிச்சான், ஒட்டடைக்குச்சி, நெட்டை, குள்ளம், குண்டு எல்லாம் நண்பர்களுக்குள், உடன்பிறந்தவர்களுக்குள் கொஞ்சலாகவும் கேலியாகவும் புழங்குகிறவை. உரையாடலில் தாராளமாகப் போடலாம். அதே சொற்கள் கதைசொல்லியின் குரலில் வந்தால், கதைசொல்லியே அந்த ஆளைக் கேலி செய்கிறார் என்றாகிவிடும். சில கதைகளுக்கு அது வேண்டியதுதான். தெரிந்து செய்யுங்கள், தெரியாமல் செய்யாதீர்கள்.

உரையாடலுக்கு வெளியே நெட்டையை உயரமாகவும் குண்டைப் பருமனாகவும் மாற்றுங்கள். குள்ளத்துக்கு 'உயரம் குறைவு' என்ற எளிய வழி இருக்கிறது. உடற்குறையைச் சுட்டும் பழைய சொற்களை, கூன், நொண்டி போன்றவற்றை, ஆளின் பெயருக்கு முன் அடையாக ஒட்டுவதை விட்டுவிடுங்கள்.

உடல்வாகை வைத்துக் குணத்தை ஊகிக்கும் பழக்கமும் வேண்டாம். ஒடிசலானவர் கூச்ச சுபாவி, பருமனானவர் சிரித்த முகம் என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1921இல் ஜெர்மன் மருத்துவர் எர்ன்ஸ்ட் கிரெட்ச்மர் உடல்வகையையும் குணத்தையும் இணைத்து எழுதினார். 1940களில் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஷெல்டன் எக்டோமார்ஃப் (ஒல்லி), மீசோமார்ஃப் (தசைக்கட்டு), எண்டோமார்ஃப் (பருமன்) என்று மூன்று வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவத்தையும் ஒட்டினார். சுபாவம் பற்றிய பகுதியை அறிவியல் கைவிட்டுவிட்டது. மூன்று பெயர்கள் மட்டும் உடற்பயிற்சிக் கூடங்களில் பிழைத்திருக்கின்றன. அவற்றை மொழிபெயர்க்க நேர்ந்தால் எக்டோமார்ஃபுக்கு 'ஒடிசலான உடல்வாகு' கச்சிதமாகப் பொருந்துகிறது.

செய்தியிலும் மருத்துவத்திலும்

இங்கே ஒடிசலுக்கு வேலை இல்லை. காணாமல்போனவரைப் பற்றிய அறிவிப்பில் உயரத்தைச் சென்டிமீட்டரில் கொடுத்துவிட்டு, 'ஒல்லியான உடல்வாகு' அல்லது 'நடுத்தர உடல்வாகு' என்று எழுதினால் போதும். அழகு பார்க்கிற சொல் ஆளைத் தேடுகிறவருக்கு உதவாது.

மருத்துவக் கட்டுரையில் அளவுதான் பேச வேண்டும். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ., அதாவது உடல் நிறைக் குறியெண். உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான அளவுகோலில், வயது வந்தவர்களுக்கு அது 18.5க்குக் கீழே போனால் எடைக்குறைவு, 25ஐத் தொட்டால் அதிக எடை, 30ஐத் தொட்டால் உடல் பருமன். 170 சென்டிமீட்டர் உயரமும் 52 கிலோ எடையும் உள்ளவருக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 18 வரும். கதையில் அவர் ஒடிசலானவர். மருத்துவக் குறிப்பில் எடை குறைந்தவர். இரண்டையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள். 'பருமனான' என்ற சொல்லையும் மருத்துவத்தில் கவனமாக எடுங்கள். அங்கே அதற்கு எண் இருக்கிறது.

அடுக்கும்போது

தொல்காப்பியத்தில் கிளவியாக்கம் என்ற இயலில் வண்ணச்சினைச்சொல் என்று ஒரு செய்தி வருகிறது. அடை முதலில், உறுப்பு அடுத்து, முழு ஆள் கடைசியில். செங்கால் நாரை, பெருந்தலைச் சாத்தன் என்று உரைகாரர்கள் எடுத்துக்காட்டுவார்கள். இன்றும் அந்த வரிசை உயிரோடிருக்கிறது: நீண்ட கழுத்துப் பெண், ஒட்டிய கன்னக் கிழவர். வரிசை கலைந்தால் பொருளும் கலையும். "ஒடிசலான கடைக்காரரின் மகன்" என்றால் ஒடிசல் யார்? கடைக்காரர். மகனைச் சொல்ல வேண்டுமென்றால் "கடைக்காரரின் ஒடிசலான மகன்" என்று, அடையை அது சேரவேண்டிய ஆளின் தோளோடு ஒட்டி வையுங்கள்.

அடை இரண்டுக்கு மேல் போனால் எனக்கு மூச்சுமுட்டும். இரண்டு போகலாம். மூன்றாவதை வெட்டுங்கள், அல்லது தனி வாக்கியமாக்குங்கள். வினையே இல்லாத சின்ன வாக்கியங்கள் தமிழுக்கு இயல்பானவை: "நல்ல உயரம். ஒடிசலான தேகம். மாநிறம்." இப்படி எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம்.

ஒரு பயிற்சி செய்து பார்ப்போம். திருத்தத்துக்கு வரும் வரி பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"உயரமான, ஒடிசலான, மாநிறமான, நீண்ட மூக்கையும் ஒட்டிய கன்னங்களையும் கொண்ட, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர் அறைக்குள் நுழைந்தார்."

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் மனிதர் வருவதற்குள் வாசகர் களைத்துவிடுகிறார். உயரத்தை ஒரு செயலாக்கிப் பாருங்கள். ஒடிசலை மட்டும் அடையாக வைத்துக்கொண்டு, அதை ஒரு பொருளின் மூலம் காட்டுங்கள்:

"நிலை இடித்துவிடாமல் இருக்கத் தலையைக் குனிந்துகொண்டே உள்ளே வந்தார். ஒடிசலான தேகம். சட்டைதான் நடந்து வந்ததுபோல் இருந்தது. கன்னம் ஒட்டிப்போய், மூக்கு மட்டும் முன்னால் நின்றது. ஐம்பதைத் தாண்டியிருக்கும்."

மாநிறம் விடுபட்டுப்போனதை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.